சிவாலய ஓட்டத்தில் நடுவில் சேர்பவர்களுக்கு

மாசி மாத மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலை கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறை திருமலையில் கிளம்பி, பன்னிரண்டு சிவாலயங்களைக் காலாலேயே கடந்து, மறுநாள் இரவு திருநட்டாலத்தில் முடிப்பதுதான் சிவாலய ஓட்டம். எந்தக் குறுக்குப்பாதையைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து தூரம் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். காவி வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், கையில் பனையோலை விசிறி, இடுப்பில் காசும் திருநீறும் வைக்கும் துணிப்பை. வாயில் "கோவிந்தா, கோபாலா". பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகம் துரத்த, கிருஷ்ணன் கொடுத்த பன்னிரண்டு ருத்திராட்சங்களோடு பீமன் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டே ஓடினான் என்பது கதை. சிவன் கோயிலுக்குப் போகிறவரை ஊரே 'கோவிந்தா' என்று கூப்பிடுவது அதனால்தான்.

முழு ஓட்டமும் எல்லாருக்கும் வாய்க்காது. லீவு கிடைக்காது, முட்டி விடாது, அல்லது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் நண்பர்களோடு இரண்டு மூன்று கோயில் தூரம் மட்டும் சேர்ந்து நடப்பதுண்டு. சேருவது சுலபம் என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே ஐம்பது கிலோமீட்டர் நடந்த கால்களுக்கு நடுவே புதுக்கால் ஒன்று நுழைந்தால் குழுவின் நடை குலைந்துவிடும். அது குலையாமல் சேருவதற்கான குறிப்புகளே இவை. ஓடுகிறவர்களுக்கு இல்லை, நடந்தே முடிக்கும் குழுக்களுக்கு.

முதலில் வரிசை: திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்றிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம்.

திருமலையில் மாலை 4 மணிக்குக் கிளம்பும் குழுவுக்கு, ஒவ்வொரு கோயிலிலும் குளியல், வரிசை, ஓய்வு எல்லாம் சேர்த்துப் போடும் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். திக்குறிச்சி இரவு 7 மணி. அருமனை, களியல் பக்கமாக ஏறி திற்பரப்பு பதினொன்றரை. திருநந்திக்கரை அதிகாலை 2. பொன்மனை நாலரை. சித்திரங்கோடு, குமாரபுரம் வழியாகப் பன்றிப்பாகம் காலை 8. கல்குளம் 10. மேலாங்கோடு பதினொன்றரை. வில்லுக்குறி திருவிடைக்கோடு பகல் ஒன்றரை. தக்கலை தாண்டி திருவிதாங்கோடு மாலை 5. கோழிப்போர்விளை, பள்ளியாடி பக்கமாகத் திருப்பன்றிக்கோடு எட்டரை. திருநட்டாலம் பத்தரை. இதை அப்படியே நம்பி ஒரு இடத்தில் போய் நின்றால் இரண்டு மணி நேரம் கொசுக்கடிதான். முதல் மூன்று கோயிலில் அரை மணி பிந்தினால், கடைசி மூன்றில் அது இரண்டு மணியாகப் பெருகியிருக்கும். நண்பர்கள் கடைசியாகக் கடந்த இரண்டு கோயில்களின் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த நேர இடைவெளியால் வகுத்தால் உண்மையான வேகம் கிடைக்கும். புதுக்காலுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் வரும். நள்ளிரவுக்குப் பிறகு 4. மறுநாள் பிற்பகலில் 3 வந்தாலே நல்ல நடை.

எந்தத் துண்டில் சேரலாம்?

முதல் முறை வருகிறவருக்குப் பன்றிப்பாகம் முதல் திருவிடைக்கோடு வரை. நான்கு கோயிலும் கிட்டக்கிட்ட. கல்குளத்திலிருந்து மேலாங்கோடு சுமார் 3 கிலோமீட்டர்தான், அங்கிருந்து குமாரகோவில் பக்கமாக வேளிமலை அடிவாரத்தை ஒட்டியே வில்லுக்குறிக்கு இறங்கலாம். தக்கலை பேருந்து நிலையம் பக்கத்தில் இருப்பதால், முடியாவிட்டால் பாதியில் நிறுத்திக்கொண்டு வீடு போகவும் வழி உண்டு. ஒரே குறை வெயில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை மூன்றும் குலசேகரத்தைச் சுற்றியே வருகின்றன. இரவுக் குளிர்ச்சி, கோதையாற்றங்கரை, ரப்பர் தோட்டத்து இருட்டு என்று நடக்க இதைவிட நல்ல துண்டு கிடையாது. ஆனால் நள்ளிரவில் அங்கே போய்ச் சேர சொந்த வண்டி வேண்டும், அல்லது மாலையிலேயே கடைசி பஸ்ஸில் போய்க் காத்திருக்க வேண்டும். தூக்கம் கெட்டால் தாங்காதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். அதிகாலை மூன்றுக்கும் நாலரைக்கும் நடுவே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கி, நடுரோட்டுக்கு நகர்ந்துபோகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம்.

ஓட்டம் பழகியவர் சேர வேண்டிய இடம் கடைசித் துண்டு: திருவிதாங்கோட்டிலிருந்து திருநட்டாலம். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, கால் எல்லாருக்கும் போயிருக்கும், பேச்சும் நின்றிருக்கும். குழுவுக்கு ஆள் தேவைப்படுவது அங்கேதான். மற்ற துண்டுகளில் சேர்வது உங்கள் சந்தோஷத்துக்கு, இதில் சேர்வது அவர்களுக்கு உபகாரம். பள்ளியாடியில் ரயில் நிலையமும் இருக்கிறது. பாசஞ்சர் நிற்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டால் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ரோட்டு நெரிசல் மிச்சம்.

வண்டியில் வருகிறவர்கள், நடை முடியும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டுத் தொடங்கும் இடத்துக்கு பஸ் பிடியுங்கள். நடந்து முடித்தபின் பஸ்ஸுக்கு நிற்க யாருக்கும் தெம்பு இருக்காது. சிவராத்திரி அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பைக்கிலும் வேனிலும் பன்னிரண்டு கோயில் சுற்றுகிறவர்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் ரோட்டை நிறைத்துவிடுவார்கள். தேசிய நெடுஞ்சாலை செல்லும் தக்கலை, வில்லுக்குறி பகுதியில் அரை மணிப் பயணத்துக்கு ஒன்றரை மணி ஒதுக்குவதுதான் புத்தி.

சந்திக்கும் இடம் பெரும்பாலும் குளத்தில்தான் சொதப்பும். "குளத்துப் பக்கத்துல நிக்கேன் மக்கா" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். கல்குளம் தெப்பக்குளத்துக்கு நாலு பக்கம், நாலிலும் காவி வேட்டிக் கூட்டம். எந்தப் படித்துறை, எந்த மூலை, எந்தக் கடைக்கு எதிரே என்று சொல்ல வேண்டும். கோயில் வாசலை மட்டும் சந்திப்பிடமாக வைக்கவே கூடாது. போலீஸ் நிற்க விடமாட்டார்கள், கூட்டமும் நகர்த்திக்கொண்டே இருக்கும். கோயிலைத் தாண்டி, அடுத்த கோயிலுக்குப் போகும் ரோட்டில் நூறு மீட்டர் தள்ளி ஓர் அடையாளத்தைப் பிடியுங்கள். தரிசன வரிசையில் குழு சிதறினாலும் எல்லாரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். குழுவுக்கும் இதே விதியைச் சொல்லி வையுங்கள். "கடைசி ஆள் வரும்வரை வரிசையில் நில்" என்பதைவிட "தாண்டி வந்து நில்" என்பது நன்றாக வேலை செய்யும்.

எல்லாரும் காவியில் இருப்பதால் இருட்டில் நண்பனையே அடையாளம் தெரியாது. விசிறிக் காம்பில் ஒளிரும் ஸ்டிக்கர் டேப்பை நாலு விரல் அகலத்துக்குச் சுற்றிவிட்டால் டார்ச் வெளிச்சத்தில் ஐம்பது மீட்டரிலேயே தெரியும். அதே டேப்பில் ஒரு துண்டை முதுகுப்பையிலும் ஒட்டுங்கள். இரவில் ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் பைக் அந்த இரவில் நிதானமாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பையில் என்ன? நண்பர்களுக்குத் தின்பதற்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் எல்லாரும் செய்வது. அது வீண் சுமை. வழி நெடுகச் சுக்குக் காப்பி, பானகம், மோர், கஞ்சி, அவித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), கடலை என்று ஊர்க்காரர்கள் கையில் திணிப்பார்கள். கிடைக்காதது ஒன்றே ஒன்று: உலர்ந்த துணி. பதினைந்து மணி நேரமாக ஈரத்தில் நடப்பவனுக்குக் காய்ந்த தோர்த்து (மெல்லிய துண்டு) ஒன்றை நீட்டிப் பாருங்கள், அதற்கு முன்னால் எந்தப் பலகாரமும் நிற்காது. மூன்று பேருக்கு ஆளுக்கொரு தோர்த்தும் பழைய காவி வேட்டியும் பாலிதீன் பையில் கட்டி எடுங்கள். கூடவே பெட்ரோலியம் ஜெல்லி 50 கிராம் டப்பா ஒன்று, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு, ஒட்டுப் பிளாஸ்டர் ஒரு சுருள், கட்டுத்துணி, பொவிடோன் அயோடின் களிம்பு, பிரிக்காத ஊசி இரண்டு, டிங்சர் பென்சாயின் சிறு குப்பி, ஹெட்லைட், பவர் பேங்க், ஒரு லிட்டர் தண்ணீர். எல்லாம் மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. சொந்தத் தின்பண்டம் வேண்டுமானால் மட்டி வாழைப்பழம் ஆறு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ப் பழம்தான். சின்னதாக இருக்கும், வயிற்றில் கிடந்து உருளாது, நடந்துகொண்டே உரிக்கலாம்.

இனி ஈரம். ஓட்டத்தில் பலரைப் படுக்க வைப்பது தூரம் இல்லை, ஈரம். ஒவ்வொரு கோயிலிலும் முங்கிவிட்டு ஈரவேட்டியோடு உள்ளே போவது மரபு. அதே வேட்டியோடு ரோட்டில் இறங்கினால் உள்தொடையில் துணியின் விளிம்பு ரம்பம்போல உரசும். முதலில் சூடு, பிறகு எரிச்சல், மூன்றாவது கோயிலில் தோல் வழன்று ரத்தக்கசிவு. புது வேட்டியின் கஞ்சி இதை இரட்டிப்பாக்கும். அதனால் வேட்டியை வாங்கியதும் மூன்று முறையாவது அலசி, கஞ்சியும் மிகைச் சாயமும் போன பிறகே கட்ட வேண்டும். உள்ளே முழங்காலுக்கு மேல்வரை வரும், சீக்கிரம் உலரும் இறுக்கமான கால்சட்டை. பருத்தி வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்துவைக்கும். தேங்காயெண்ணெய் அடுத்த குளத்தோடு போய்விடும், பெட்ரோலியம் ஜெல்லி கொஞ்சம் நிற்கும். ஆனாலும் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் துடைத்துவிட்டு மறுபடி தடவியாக வேண்டும். எரிச்சல் தொடங்கியபின் தடவுவது பாதிப் பலன்தான்.

காலுக்கும் இதே கதை. பத்து நிமிடம் தண்ணீரில் நின்ற பாதம் வெளுத்துச் சுருங்கும். அந்த ஊறிய தோலில் மேலடுக்கும் கீழடுக்கும் எளிதில் விலகும், நடுவில் நீர் கோர்க்கும். ஆகவே தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரல் இடுக்குவரை துடைத்து, பாதத்தைக் காற்றாட விட்டபிறகுதான் தாரில் கால் வைக்க வேண்டும். விசிறி வேறெதற்கு?

எங்கே சூடாக, ஊசி குத்துவதுபோல இருக்கிறதோ அங்கே அப்போதே நிறுத்துங்கள். 'அடுத்த கோயிலில் பார்த்துக்கலாம்' என்றால் அங்கே பார்க்கக் கொப்புளம்தான் இருக்கும். துடைத்து, பென்சாயினைப் பஞ்சால் மெல்லியதாகத் தடவி, ஒரு நிமிடம் பிசுபிசுப்பு ஏறக் காத்திருந்து, சுருக்கம் இல்லாமல் பிளாஸ்டரை ஒட்ட வேண்டும். மூலைகளை வெட்டி வட்டமாக்கினால் ஓரம் சுருளாது. பென்சாயின் இல்லாமல் ஒட்டிய பிளாஸ்டர் முதல் குளத்திலேயே மிதந்துவிடும். வெடித்த தோலில் மட்டும் பென்சாயின் படக்கூடாது, உயிர் போகிற மாதிரி எரியும்.

கொப்புளம் சிறிதாக இருந்தால் தொடாமல் மூடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல், அதுவும் குதிகாலிலோ முன்பாதத்திலோ இருந்தால் அடுத்த ஐந்து கிலோமீட்டரில் தானாகவே கிழியும். அதற்கு முன் நாமே வடிப்பது மேல். கையைக் கழுவி, அந்த இடத்தில் அயோடின் தடவி, புது ஊசியால் கொப்புளத்தின் அடிவிளிம்பில் இரண்டு துளை. நடுவில் குத்தக் கூடாது. கட்டுத்துணியால் ஒற்றி நீரை வெளியே தள்ளி, மேல் தோலை உரிக்காமல் அப்படியே படிய விட்டு, களிம்பு, துணி, பிளாஸ்டர். இதற்குப் பிறகு அந்தக் காலைக் குளத்தில் முக்காமல், கைத்தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு தரிசனத்துக்குப் போவதே சரி. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்த ஊசி வேலையே வேண்டாம். கொப்புளத்தோடு நிறுத்தி, வண்டி ஏற்றி அனுப்புங்கள்.

வெறுங்கால் விஷயத்தில்தான் நடுவில் சேர்பவர் பெரும்பாலும் ஏமாறுகிறார். நண்பர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள், நாமும் அப்படியே நடப்போம் என்று செருப்பைக் கழற்றுவார். அவர்களோ குளிர்ந்த ரோட்டில் இரவு முழுக்க நடந்து பாதத்தைப் பழக்கியவர்கள், பலர் விரதம் தொடங்கிய நாளிலிருந்தே செருப்பில்லாமல் திரிபவர்கள். இவர் பதினொன்றரை மணிக்கு மேலாங்கோட்டில் கொதிக்கும் தாரில் நேராக இறங்குகிறார். அரை மணியில் வருவது உரசல் கொப்புளம் இல்லை, சூட்டுக் கொப்புளம். பாதம் முழுவதும் ஒரேயடியாகக் கிளம்பும், பிளாஸ்டருக்கு அடங்காது. பகல் துண்டில் வெறுங்காலோடு நடக்க நினைத்தால் மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் அரை மணி தார் ரோட்டில் பழக வேண்டும். ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக்கோடு தாரைவிடச் சூடு குறைவு, ஓர மண் அதைவிடக் குறைவு. ஆனால் மண்ணில் கண்ணாடித் துண்டும் முள்ளும் இருக்கும். பழகவில்லையா, செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், கோயில் கிட்ட வந்ததும் கழற்றிக்கொள்ளலாம். ரப்பர் தோட்ட நிழலை நம்பியும் திட்டம் போடாதீர்கள். இலையுதிர்த்துத் தளிர் விட்டு வரும் பருவத்தை ஒட்டியே சிவராத்திரி வரும், ஆடியில் பார்த்த அடர்த்தி அப்போது இருக்காது.

தண்ணீர் குடிப்பதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். குடிக்காமல் வாடுவது தெரிந்த தப்பு. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருப்பது தெரியாத தப்பு. வேர்வையில் போன உப்பு திரும்பாமல் ரத்தத்தில் சோடியம் இறங்கும், தலைவலி, குமட்டல், உளறல் வரும். பார்ப்பவர் "தண்ணி குடிக்கல" என்று மேலும் தண்ணீரையே கொடுப்பார். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரையே சரியாகச் சேருங்கள், கண்ணளவு வேண்டாம். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. பகலில் மணிக்கு அரை லிட்டர் அளவு, இரவில் தாகத்துக்கு. பானகமும் கருப்பட்டிக் காப்பியும் ஒவ்வொரு பந்தலிலும் ஒரு கப் என்று ஏற்றினால் வயிறு கலங்கும். கொடுப்பவர் மனம் கோணாமல் ஒரு வாய் வாங்கிக்கொண்டு நகரும் கலையைப் பழகுங்கள். அன்னதானமும் அப்படித்தான். விரதத்தில் இருப்பவர் வயிறு சுருங்கியிருக்கும், அரை வயிறு கஞ்சியும் பயறும் போதும். முழு இலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த இரண்டு கிலோமீட்டர் நகராது.

வலி மாத்திரை கேட்பார்கள். பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஏதாவது சாப்பிட்ட பிறகு. டைக்ளோபெனாக், ஐபுபுரூபென் வகையறா கொடுக்கவே கூடாது. நீர்ச்சத்து குறைந்த நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், காலி வயிற்றில் புண்ணாக்கும். சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஓர் அடிகூட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். தக்கலையிலும் குலசேகரத்திலும் அரசு மருத்துவமனை உண்டு.

குளியலில் ஒரு எச்சரிக்கை. திக்குறிச்சியில் குழித்துறைத் தாமிரபரணி, திற்பரப்பில் கோதையாறு. தளர்ந்த கெண்டைக்கால் தண்ணீரின் குளிர்ச்சி பட்டதும் சுருட்டிப் பிடிக்கும். நிலைகொள்ளாத ஆழத்தில் அப்படிப் பிடித்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் ஆபத்து. படித்துறையில் முழங்காலளவு தண்ணீரில் உட்கார்ந்து முங்கினால் போதும். அருவிப் பாறையில் இரவில் ஏறவே வேண்டாம், பாசி வழுக்கும். புதிதாகச் சேர்ந்தவர் கடைசியாகக் குளிக்கட்டும். மற்றவர்கள் தண்ணீரில் இருக்கும்போது கரையில் தெளிவான தலை ஒன்று வேண்டும்.

நடையில் முன்னால் போகாதீர்கள். புதுக்கால் முன்னே போனால், வேண்டாம் என்று நினைத்தாலும் வேகம் ஏறும். பின்னால் வருகிறவர் மானத்துக்காக விரட்டி வந்து பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார். குழுவில் மெதுவானவரை முன்னால் விட்டு, நீங்கள் கடைசியில் வாருங்கள். அங்கிருந்து பார்த்தால் யார் ஒரு காலைச் சாய்த்து வைக்கிறார், யார் குதிகாலை ஊன்றாமல் நடக்கிறார் என்பது தெரியும். கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பார், கால் பொய் சொல்லாது. நிறுத்தம் பத்து நிமிடத்தைத் தாண்டவேண்டாம், இருபது ஆனால் தசை இறுகி எழுவதே பெரும்பாடு. தாழ்ந்த படியில் உட்கார விடாமல், முழங்கால் உயரத் திண்ணை, மதில் என்று பார்த்து உட்கார வையுங்கள். எழுந்ததும் முதல் நூறடி மெதுவாக, பிறகே பழைய நடை.

பாதியில் பிரிகிறவர் எந்த இடத்தில் பிரிவோம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பிரியும்போது பையில் மிச்சமிருக்கும் பிளாஸ்டர், ஜெல்லி, ஓ.ஆர்.எஸ். எல்லாவற்றையும் குழுவிலேயே விட்டுவிடுங்கள், அவர்களுடைய ஈரத்துணியையும் காலி பாட்டிலையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அந்த ஒரு கிலோ குறைவது பெரிய விஷயம்.

திருநட்டாலம் வரை கூட நடப்பவராக இருந்தால் வண்டி ஓட்டும் வேலையும் உங்களுடையதே. இரண்டு ராத்திரி தூங்காத ஆளிடம் பைக் சாவியைக் கொடுக்கக் கூடாது, பின்சீட்டில் உட்கார்ந்தவரும் தூங்கி விழுவார். கார்தான் சரி. சீட்டில் விரிக்கப் பழைய பெட்ஷீட் ஒன்று எடுத்துவையுங்கள். கூடவே ஆளுக்கொரு ஜோடி ரப்பர் செருப்பு, வழக்கமான அளவைவிட ஒரு நம்பர் பெரியதாக. வீங்கிய காலுக்கு வீட்டுச் செருப்பு நுழையாது.